சுவரில் இரண்டு திட்டுகள்

டயகம மலையிலிருந்து இறங்கும் பனி தேயிலைத் தோட்ட லயத்து வாசலுக்கு வருவதற்குள் நிறத்தைப் பார்த்துவிட வேண்டுமென்று புவனா கதவை அகலத் திறக்கிறாள். அடுப்புப் புகை ஏறிய சுவரைச் சுரண்டிவிட்டுப் புருஷன் யோகராஜ் பூசிய இரண்டு திட்டுகள் அருகருகே ஈரமாக மின்னுகின்றன. இரண்டுமே பிஸ்கட் கலர். அவள் பல்பைப் போடுகிறாள், அணைக்கிறாள், கிட்டே போகிறாள், மறுபடி வாசலுக்கே வந்து நிற்கிறாள். சவூதியில் வேலை செய்த வீட்டின் நிறம்தான் வேண்டுமென்று கேட்டவளும் அவள்தான். யோகராஜின் பிரஷ் சிமெந்துத் தரையில் சொட்டுகிறது. "ஏதாச்சும் ஒன்னச் சொல்லு புவனா. காஞ்சா ரெண்டும் ஒன்னுதான்." "ஒன்னு இல்லங்க." அவள் விரல் முதல் திட்டின் மேல் படாமல் நிற்கிறது. "இது மேடம் ஒக்கார்ற ஹோலு. தெனமும் நான் தொடச்ச சொவரு." விரல் நகர்கிறது. "இது நான் படுத்த காம்பரா. ராவானா என்னய உள்ள வச்சு வெளியில பூட்டிருவாங்க." யோகராஜ் பிரஷை டின்னின் மேல் குறுக்கே வைக்கிறான். பனி வாசலைத் தாண்டி உள்ளே வருகிறது. "குளிருது, கதவச் சாத்தவா?" என்கிறான். வேண்டாமென்று தலையசைத்து, கதவின் கொண்டியைப் பிடித்தபடி அவள் நிற்கிறாள். சுவரில் இரண்டு திட்டுகளும் மெல்ல ஒரே நிறமாகின்றன.