நாலு மாடி மலை ரயில்

"கொஞ்சம் வழி விடுங்க அங்கிள்!"

காய்கறிப் பையோடு மூன்றாவது மாடிக்குப் போக வேண்டிய ஸ்வர்ணலதா, முதல் மாடித் திருப்பத்திலேயே மாட்டிக்கொண்டாள். வழியை அடைத்துக்கொண்டு நின்றார் நாலாவது மாடி பிலிப். தபால் துறையில் ஓய்வு பெற்றவர். பக்கத்தில் அவர் மனைவி சோஃபியா, முட்டியைப் பிடித்தபடி.

ராஜா அண்ணாமலைபுரத்து அந்தக் குடியிருப்பில் லிப்ட் கெட்டு மூன்று வாரம். தினமும் சாயந்திரப் பூசை முடிந்து இருவரும் படியேறுவார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் மனிதர் நின்று பிரசங்கம் ஆரம்பித்துவிடுவார், சர்ச்சில் கேட்டது போதாதென்று.

"ஊட்டி மலை ரயில் இருக்கே லதா, அதுல எஞ்சின் முன்னாடி நின்னு இழுக்காது. பின்னாடி நின்னு தள்ளும்!"

"எவ்ளோ எடைங்க தள்ளும்?" என்றார் சோஃபியா.

"நாலு பெட்டி. ஆளுங்களோட சேர்த்து நூறு டன்னுக்குக் கிட்ட. அதுக்கு மேல மாட்டினா மூச்சு முட்டிப்போகும். பன்னண்டு அடி போறதுக்குள்ள ஒரு அடி உசரம் ஏறணுமே! நடுவுல பல் வெச்ச தண்டவாளம். அதைக் கடிச்சுக் கடிச்சுத்தான் ஏறும். நடுநடுவே நின்னு தண்ணி குடிக்கும்..."

அவர் குரல் மெல்ல இறங்கியது. சிமெண்ட் ஜாலி வழியாக வந்த கடற்காற்று சில்லென்று பட்டது. மஞ்சள் வெயிலில் படிகள் வளைந்து வளைந்து மேகத்துக்குள் போவது போலிருந்தது. ஒரு கணம் ஸ்வர்ணலதாவின் பையிலிருந்த முருங்கைக்காய்கூட யூகலிப்டஸ் வாசம் அடித்தது.

தலையை உதறிக்கொண்டு அவர்களைத் தாண்டி ஏறினாள். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம். பாவம் அந்த அம்மா!

மறுநாள் காலை மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது கேட்டே விட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க ஆன்ட்டி. அந்த முட்டிவலியோட நின்னு எப்படித்தான் கேக்கறீங்க? போதும்னு சொல்லக் கூடாதா?"

சோஃபியா படிப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"என் முட்டி கிடக்கு, விடும்மா. போன வருஷம் அவருக்கு இதயத்துல ஸ்டென்ட் வெச்சாங்க. ஒரே மூச்சுல மாடி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். 'நில்லுங்க'ன்னா ரோஷம் வந்துடும், ரெண்டு ரெண்டு படியா தாவுவார். அதான் ரயிலைப் பத்தி ஒரு கேள்வி போடறேன். நின்னுடுவார். எனக்கு அதுல ஒரு மண்ணும் புரியலை!"

ஸ்வர்ணலதாவுக்கு வெட்கமாக இருந்தது.

மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. வாசலில் பிலிப், தனியாக.

"லதா, உன் வீட்டுக்காரர் ரயில்வேலதானே இருக்கார்? அந்த மலை ரயிலைப் பத்தி புதுசா ஏதாவது கேட்டுச் சொல்லேன். கைவசம் இருந்த சரக்கெல்லாம் தீர்ந்துபோச்சு."

"உங்களுக்குத் தெரியாததா அங்கிள்?"

"எனக்கு என்ன தெரியும்? லிப்ட் கெட்ட அன்னிக்கு நூலகத்துல ஒரு பழைய புத்தகம் எடுத்தேன். எனக்கு ரயில்ல ஏறினாலே குமட்டும்!" குரலைத் தாழ்த்தினார். "சோஃபிக்கு முட்டி தேஞ்சுபோச்சு. 'நின்னு வா'ன்னா கேக்க மாட்டா, வீம்பு. ஆனா ரயில்னா அவளுக்கு உசுரு. எவ்ளோ ஆசையா கேள்வி கேக்கறா பார்த்தியா? பேச்சு கொடுத்தா நின்னுடறா. அவகிட்ட சொல்லிடாதே."

ஸ்வர்ணலதா தலையாட்டினாள்.

அன்று சாயந்திரம் முதல் மாடித் திருப்பத்தில் பிலிப் வாயைத் திறந்தார். சொல்ல ஒன்றும் கிடைக்காமல் மூடினார். சோஃபியாவுக்கும் கேட்க எதுவும் தோன்றவில்லை. இருவரும் மூச்சு வாங்க அடுத்த படியில் கால் வைத்தார்கள்.

கீழேயிருந்து பையோடு வந்த ஸ்வர்ணலதா அவர்களை முந்திக்கொண்டு ஓடி, நாலு படி மேலே, வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு சந்தேகம் அங்கிள். ரெண்டு எஞ்சின் சேர்ந்து தள்ளினா எவ்ளோ எடை மலை ஏறும்?"