மாடி இல்லாத வீடு

கீழ்க் கடைவாய்ப் பல் உடைந்து, அதற்குக் கேப் போட உட்கார்ந்திருந்தேன். துணைக்கு வந்த அக்கா என் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"கேப் உசரமா இருந்தா மேல் பல்லுல இடிக்கும். உங்களுக்கு அந்தக் கவலையே இல்ல," என்றார் டாக்டர். "மேல அந்த இடத்துல பல்லைப் பிடுங்கி எத்தனையோ வருஷமாச்சே. மாடி இல்லாத வீடு."

அக்கா சிரித்தாள். எனக்கு வாய் மரத்திருந்தது.

ஆனாலும் வழக்கப்படி, இடிக்கும் இடத்தில் மை ஒட்டும் நீலத் தாளை வைத்து, "டக் டக்னு கடிங்க" என்றார். கடித்தேன். கேப்பின் நடுவில் நீலப் புள்ளி விழுந்திருந்தது. அந்த இடத்தை ராவிவிட்டு மறுபடி கடிக்கச் சொன்னார். மறுபடியும் விழுந்தது. மேல் ஈறைத் தடவிப் பார்த்து, "ஒண்ணுமே இல்லையே" என்றார். இன்னும் ராவினார்; புள்ளி போகவில்லை.

கடைசியில் தாளை எடுத்துவிட்டு, தன் விரலையே கேப்பின் மேல் வைத்தார்.

"மெதுவா மூடுங்க. எது படுதுன்னு பார்ப்போம்."

மூடினேன். அவர் முகம் சுளித்தது.

"போதும், விடுங்க."

உடனே வாயைத் திறந்தேன். விரல் வரவில்லை.

"விடுங்கம்மா, வலிக்குது."

தாடை விண்விண்ணென்று தெறிக்கும் அளவுக்குப் பிளந்தேன். அவர் விரலை இழுக்க இழுக்க, என் தலைதான் அதோடு போனது.

அக்கா எழுந்து வந்து என் வாய்க்குள் குனிந்து பார்த்தாள்.

"அவ எப்பவோ விட்டுட்டாளே, டாக்டர்," என்றாள்.