பதினெட்டுக் கிலோ கொழுந்து

அம்மா செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

காலி நகரத்துக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் காலத்துக் கிட்டங்கி அது. கப்பலுக்குப் போகும் கறுவாப்பட்டையை அடுக்கி வைத்த இடத்தில் இப்போது ஓவியம், சிற்பம், வெள்ளைக்காரர்கள், குளிர்ந்த கோப்பி. கோட்டைத் தெருக்கள் முழுக்க இப்படித்தான், இரண்டு வீட்டுக்கு ஒரு காட்சிக்கூடம். வரும் வழியில் முதன்முதலாகக் கடலைப் பார்த்தவள், "ம்" என்று மட்டும் சொன்னாள்.

நடுக்கூடத்தில் என்னுடைய படைப்பு. வெள்ளைத் துணியின்மேல் பச்சைத் தேயிலைக் கொழுந்துக் குவியல். பதினெட்டுக் கிலோ. மலையில், வட்டகொடைத் தோட்டத்தில் அம்மா ஒரு நாளைக்குப் பறித்துக் கொடுக்க வேண்டிய அளவு.

இதற்காகத்தான் ஆசிரியர் வேலையை விட்டேன். எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்த முதல் அரசாங்கச் சம்பளம் அது. விட்ட நாளிலிருந்து அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான்கு மாதம் கெஞ்சி அவளைக் கூட்டி வந்திருந்தேன். ஒருமுறை பார்த்துவிட்டால் புரிந்துகொள்வாள் என்று நம்பினேன்.

அம்மா குவியலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்குத் தேநீர் வாங்கப் போனேன். ஐந்து நிமிடம் இருக்காது.

திரும்பி வந்தால் ஒரே கூட்டம். எல்லார் கையிலும் போன். நடுவில் அம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, துணிமேலேயே குந்தியிருந்தாள். முற்றிய இலையும் காம்பும் ஒரு பக்கம், நல்ல கொழுந்து ஒரு பக்கம். என் குவியலில் பாதியைக் காணோம்.

"முத்தலும் காம்புமா கெடக்குடி. மடுவத்துல நிறுக்கிறப்பவே கழிச்சிருவாங்க. ஒனக்குத்தான வெக்கம்?"

காலிப் பக்கத்தில் வாங்கிய கொழுந்து. நான் கவனிக்கவில்லை, அவள் கவனித்துவிட்டாள். பிள்ளைக்கு வெட்கக்கேடு வரக் கூடாதென்று திருத்த உட்கார்ந்துவிட்டாள்.

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும்.

கண்காட்சியை நடத்தும் கொழும்புப் பெண்மணி கண் கலங்க ஓடிவந்தார். வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரே ஒரு படைப்பைத் தெரிவு செய்யப்போவது அவர்தான். இதுவும் உன் திட்டமா, யார் இந்த அம்மா என்று சிங்களத்தில் கேட்டார்.

என் அம்மா, தெரியாமல் செய்துவிட்டாள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அத்தோடு போச்சு.

தோட்டத்துத் தொழிலாளி, இதற்காகக் கூலி பேசிக் கூட்டி வந்தேன் என்றேன். சிங்களத்தில்தான் சொன்னேன். அம்மாவுக்கு என்னைவிட நல்ல சிங்களம் வரும் என்பது அந்த நேரத்தில் நினைவில்லை. இல்லை, நினைவிருந்தது. இதிலும் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அம்மாவின் கை நின்றது.

அந்தப் பெண்மணி அவளிடமே குனிந்து, நாளைக்கும் வந்து இதேபோல் செய்வீர்களா என்று கேட்டார்.

அம்மா எழுந்தாள். சேலையை உதறி இறக்கிவிட்டாள். அவரைப் பார்க்கவில்லை. நேராக வந்து, தோட்டத்துத் துரைக்கு முன்னால் நிற்கிற மாதிரி, என் முன்னால் கைகட்டி நின்றாள்.

"எத்தன மணிக்கு வரணுங்க, மிஸ்?"