சீறும் வால்வு

புது டர்போ கார் வாங்கியும் திருவையாறு பஞ்சநாதனுக்கு ஓர் ஆசை தீரவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ‘புஸ்ஸ்’ என்று சீறும் ப்ளோ ஆஃப் வால்வு ஒன்றை அதில் மாட்ட வேண்டும். ஐம்பது வயதில் இந்த ஆசைக்கு மனைவி கமலவல்லியிடம் எப்படி அனுமதி வாங்குவது என்று தவித்தவர், இன்று அவளையே ஒர்க்‌ஷாப்புக்கு அழைத்து வந்துவிட்டார்.

“இதனால வேகமெல்லாம் ஏறாதுக்கா. சத்தம் மட்டும்தான்” என்று மெக்கானிக் பகலவன் உண்மையைப் போட்டு உடைத்தான். பஞ்சநாதன் பல்லைக் கடித்தார்.

“எவ்வளவு தூரம் கேட்கும் தம்பி?” என்றாள் கமலவல்லி.

“தெருக்கோடியில காலை எடுத்தாலும் உங்க அடுப்படிக்குக் கேட்கும்.”

“ஒவ்வொரு தடவையுமா?”

“வேகமா வந்து காலை எடுத்தா, தப்பவே தப்பாதுக்கா.”

“அப்ப இன்னிக்கே மாட்டிடு.”

வீட்டிலேயே இப்படியொரு ரசிகை இருப்பது தெரியாமல் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்துவிட்டோமே என்று பஞ்சநாதன் உருகிப்போனார்.

“உனக்கும் இந்தச் சத்தம் பிடிக்குமா கமலம்?”

“சத்தம் கிடக்குது. சுகருக்கு டாக்டர் நடக்கச் சொன்னாருன்னு தினமும் காவிரிக்கரைக்குக் கார்ல போறீங்க. திரும்பும்போது நம்ம வீட்டைத் தாண்டி, தெருக்கோடி ஸ்வீட் கடையில அசோகா அல்வா சாப்பிடுறீங்கன்னு ஊரே சொல்லுது. நீங்க இல்லைங்கறீங்க. இனிமே நான் யாரையும் கேட்க வேண்டாம் பாருங்க.”

பஞ்சநாதன் பகலவனை மெல்ல ஓரமாக அழைத்துச் சென்று, சத்தமே வராத வால்வு ஏதேனும் உண்டா என்று விசாரித்தார்.