கிரஹாமின் குப்பைக்கூடை

“இந்தக் கிழமை நாலு கிலோ குறைவு. குட்!”

குப்பைப் பையைத் தராசில் கொளுவி எடைபார்த்த ஆபீஸ் மேனேஜர் ரங்கநாதன், நோட்டில் குறித்துக்கொண்டு தன் அறைக்குள் போனார்.

ரதிதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குயின் தெருவில் ஒன்பதாம் மாடி ஆபீஸ். துப்புரவு வேலைக்கு அவளும் செல்வியும். தொண்ணூற்றேழாம் ஆண்டு பிறந்ததிலிருந்து ஆபீஸ் குப்பை குழிக்குப் போய்ப் புதையக் கூடாதாம். காகிதம் ஒரு பெட்டிக்கு, போத்தல் இன்னொரு பெட்டிக்கு. மேசைக் கூடையில் மிச்சம் மட்டும். எல்லாம் இந்த மனுசனின் ஏற்பாடு.

“குப்பை குறைஞ்சா வேலை குறையும். வேலை குறைஞ்சா ஆளை நிப்பாட்டுவாங்கள். பிந்தி வந்தவள் நான்தானே?”

“இப்பவே ஏன் அழுவுறே?” என்று சிரித்தாள் செல்வி. ஈப்போக்காரி.

“என்ர வேலைக் கடிதத்தை வைச்சுத்தான் தம்பிக்கு விசா கேட்டிருக்கு. அவன் கொழும்பில லொட்ஜில கிடக்கிறான். உனக்குச் சிரிப்பு!”

அது ஒரு பயம். இன்னொரு பயம் கிரஹாமின் மேசை.

அங்கே வேலை செய்த கிரஹாம் செத்து மூன்று கிழமை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதே கதிரையில் சாய்ந்தவர். அவருடைய கோட் இன்னும் கதிரையில் தொங்கியது. ஆபீஸ் ஆட்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

ஆனால் கூடை மட்டும் ஒருநாளும் வெறுமையாக இல்லை. கடித்துத் தின்ற ஆப்பிளின் நடுத்துண்டு ஒன்று. தேயிலைப் பை ஒன்று. உயிரோடு இருந்தபோதும் கிரஹாம் போட்டது அவைதான்.

அன்று வெள்ளிக்கிழமை. மாலை ஆறு மணிக்கும் வெயில் போகவில்லை. மாடியில் சத்தமே இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று ரதிதேவி முதலில் அந்த மேசைக்குப் போனாள்.

கதிரை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“செல்வி! இஞ்ச ஓடி வா! கதிரை தானாச் சுத்துது!”

“ஏசி காத்துடீ.”

ரதிதேவி கூடைக்குள் கைவிட்டாள். உடனே இழுத்துக்கொண்டாள்.

“தேயிலைப் பை சுடுது. இதுவும் ஏசிக் காத்தோ?”

செல்வி தொட்டுப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. ஆப்பிள் துண்டு இன்னும் கறுக்கவில்லை. வெள்ளையாக ஈரமாக இருந்தது.

“முப்பத்தொண்டாம் நாள் சடங்கு முடியேல்லை. அதுதான் ஆள் இஞ்சையே திரியுது.”

“வெள்ளைக்காரனுக்கு ஏதுடீ முப்பத்தொண்ணு?”

“செத்தாப் பிறகு வெள்ளை என்ன, கறுப்பு என்ன? நான் இனி இந்தக் கூடையைத் தொடமாட்டன். எடுத்துக்கொண்டு போகச் சொல்லி எழுதித் தா.”

செல்வி ஒரு துண்டுத் தாளில் ஆங்கிலத்தில் எழுதினாள். ‘கிரஹாமின் மேசைக் கூடை தேவையில்லை. எடுத்துவிடவும்.’ அவர்களுடைய கம்பெனி சூப்பர்வைசர் தேவன் திங்கள் வந்து பார்ப்பான்.

“என்ன அது?”

இருவரும் துள்ளித் திரும்பினார்கள். கம்பளத்தில் காலடிச் சத்தமே கேட்கவில்லை. ரங்கநாதன் நின்றார். கையில் பாதி குடித்த தேநீர்.

தாளை வாங்கி வாசித்தார். அவர் முகம் வெளிறியது.

“இதைத் தேவன்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்லை சேர். இனித்தான்.”

அவர் பெருமூச்சு விட்டார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். கிரஹாமின் கதிரையை இழுத்து, பழகின ஆள்போல உட்கார்ந்தார்.

“சேர், அதில இருக்காதேங்கோ!”

“தினமும் அஞ்சரைக்கு இங்கதாம்மா இருக்கேன். இப்பதான் எழுந்து போனேன்.”

ரதிதேவி அவர் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள். பிறகு கூடையைப் பார்த்தாள்.

“சும்மா கிடக்கிற கூடையை உங்க கம்பெனி எடுத்துடும். இருபது கூடை இருந்தாத்தான் இந்த மாடிக்கு ரெண்டு பேர்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்காங்க. கிரஹாம் கூடை போனா பத்தொன்பது, அப்புறம் ஒரு ஆள்தான்.”

கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

“காகிதம் போட்டு நிரப்பலாம்னா நான் போட்ட சட்டமே இடிக்குது. அதான், பல் கூசினாலும் தினம் ஒரு ஆப்பிள் தின்னுட்டுப் போறேன்.”