குழாயில் காற்று

தவளை கத்தினால் மழை வரும் என்று இன்னமும் நம்புகிறவர்களை எப்படித் திருத்துவது என்பது கல்லூரி நூலகர் இம்மானுவேலின் நெடுநாள் கவலை. மழை வரப்போவதால் தவளை கத்துகிறது. தவளை கத்துவதால் மழை வருவதில்லை. காரணத்தையும் காரியத்தையும் இப்படி மாற்றிப் போட்டுக்கொண்டு ஒரு சமூகம் எப்படித்தான் இத்தனை காலம் வெள்ளாமை செய்ததோ.

"அதைத் தவளைகிட்டயே சொல்லுங்க. மொதல்ல என் பாத்ரூமை விட்டு அதை வெளிய எடுங்க," என்றாள் மனைவி ஆன்சி.

வாளிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த அந்த மரத்தவளைக்குத்தான் வீடு தயாராகிக்கொண்டிருந்தது. மகன் ஆன்சன் விடுதிக்குப் போனபின் காலியாகக் கிடந்த மீன்தொட்டியை இம்மானுவேல் நெட்டுக்குத்தலாக நிறுத்தினார்.

"ஏங்க, தொட்டி சாஞ்சு கெடக்கு."

"சாயல. நிக்கிது. மரத்தவளைக்கு அகலம் வேண்டாம், உயரம் வேணும். இது ஏறுற இனம்."

அடியில் ஈரத் தேங்காய் நார். நடுவில் கொய்யாக் கிளை. ஓரத்தில் மணிபிளான்ட். கிண்ணத்தில், ஒரு நாள் வைத்து குளோரின் வாடை போன தண்ணீர். முன்பக்கம் கொசுவலை.

"கல்யாணமாகி இத்தன வருசத்துல எனக்கு ஒரு அலமாரி அடிச்சுத் தரல. தவளைக்கு மாளிகை."

"நீயும் வாளிக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு இருந்திருந்தா உனக்கும் அடிச்சிருப்பேன்."

அன்று அந்தியில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. தவளை கிளை உச்சிக்கு ஏறித் தொண்டையை ஊதியது. டொக்... டொக்டொக்டொக். பலகையில் விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி.

கீழேயிருந்து குரல் வந்தது. "சார், மேல என்ன சத்தம்?"

வீட்டுக்காரர் பேயாண்டி. ஒத்தக்கடையில் அந்த மாடிக்கு இவர்கள் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பொழுது சாய்ந்ததும் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்கிற மனிதர் அவர். அவர் மனைவி அன்னக்கொடியை வாசல் பக்கம் பார்த்ததே இல்லை. பொண்டாட்டியையே வெளியே விடாத ஆள் நம்மை விட்டுவைப்பாரா என்பது ஆன்சியின் கணிப்பு. போன வீட்டை இவர்கள் காலி செய்ததே ஒரு பூனை வளர்த்ததால்தான்.

இம்மானுவேல் படிக்கட்டில் எட்டிப் பார்த்தார். "குழாய்ல காத்துண்ணே. சரி பண்ணிர்றேன்."

பேயாண்டி காதைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "குழாயா?" என்றார். போய்விட்டார்.

தவறாக ஒரு வார்த்தை சொல்லாத மனிதர் சொன்ன பொய். அதைக் காப்பாற்றுவதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. தொட்டியைச் சுற்றித் தெர்மாகோல் ஒட்டினார். காற்றுக்கு மட்டும் இடம் விட்டு, அந்தியானதும் கம்பளியைப் போர்த்தினார். சத்தம் அறையைத் தாண்டவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பேயாண்டி படியேறி வந்தார். ஆன்சி தொட்டி இருந்த அறைக் கதவைச் சாத்தினாள்.

"சார், குழாயச் சரி பண்ணிட்டீகளோ?"

"பண்ணியாச்சுண்ணே. இனிமே பொட்டுச் சத்தம் வராது."

பேயாண்டி முகம் தொங்கிப்போயிற்று. தோள் துண்டை எடுத்து உதறி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"அத மறுபடி கெடுக்க முடியுமா சார்?"

"கெடுக்கவாண்ணே?" என்றார் இம்மானுவேல்.

"வீட்டுல அவளுக்கு நெனவு சரியில்ல. இந்த எடம் பூராம் முந்தி எங்க வயக்காடு. பொழுது சாஞ்சாப் போதும், வயலுக்குத் தண்ணி பாயலயேன்னு மம்பட்டியத் தேடிக்கிட்டு ரோட்டுக்குப் போயிருவா. மேலூர் ரோட்டுல லாரி போற போக்கு உங்களுக்கே தெரியும். அதான் கேட்டப் பூட்டுறது."

ஆன்சி தரையைப் பார்த்தாள்.

"அப்பல்லாம் ராத்தண்ணி பாச்ச அவதான் சார் போவா. நான் லாந்தரப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே போவேன். பேருதான் பேயாண்டி, இருட்டுன்னா எனக்கு ஆகாது. தண்ணி ஏறிருச்சுன்னா தவளை எம்புட்டுக் கத்தும்ங்கிறீக. அதக் கேட்டாத்தான் வீட்டுக்குப் போகலாம்பா."

திரும்பிப் படிக்கட்டில் கீழே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அன்னைக்கு உங்க குழாய்ச் சத்தத்தக் கேட்டுட்டு, பாஞ்சிருச்சு, தவளை கத்துதுன்னா. ரெண்டு வாய் சோறு தின்னுட்டுத் தானாப் படுத்தா. எனக்கும் தவளையாட்டந்தான் கேட்டுச்சு. ஆனா படிச்சவுக நீங்க, குழாய்னு சொன்னீக. சரி, தவளைச் சத்தமும் அவளுக்கு மறந்துபோச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

இம்மானுவேல் ஆன்சியைப் பார்த்தார். ஆன்சி போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

"அண்ணே, அது குழாய் இல்ல. அக்கா சொன்னதுதான் சரி."

கம்பளியை விலக்கித் தெர்மாகோலைப் பிய்த்தார். பேயாண்டி தொட்டிக்கு முன்னால் குந்தினார். அவரும் தவளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வார்த்தைக்காக இம்மானுவேல் காத்திருந்தார்.

பேயாண்டி எழுந்து படியிறங்கினார். கீழே அவர் குரல் கேட்டது.

"இந்தா, அன்னக்கொடி. நீ சொன்னதுதான் சரி. குழாயில்ல, தவளதேன்."

"பெறகு? வயல்ல குழாயா கத்தும்?"

அன்று மாலையே தொட்டி கீழே, அன்னக்கொடியின் சன்னலோரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுவாரம், மாடி டேங்க் ஒழுகுவதாக இம்மானுவேல் பேயாண்டியிடம் சொன்னார். பேயாண்டி உள்ளே போய், தண்ணி சொட்டுற சத்தம் கேக்குதா என்று அன்னக்கொடியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வந்தபிறகுதான் பிளம்பருக்குச் சொல்லிவிட்டார்.