ஜீப் பாக்க வர்ற தம்பி

"விக்க மனசில்லாதவுக எதுக்குண்ணே போர்டு மாட்டணும்?"

மொக்கம்மாள் வாசல்ல நின்னு கேட்டா. கருத்தக்கண்ணன் ஜீப்புக் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டே இருந்தாரு. ஏற்கனவே தொடச்ச கண்ணாடிதான்.

"கெங்குவார்பட்டிக்காரன் வந்தான். டயர எட்டி ஒதச்சான்னு வெரட்டிவிட்டீக. போடிக்காரன் வந்தான். மூஞ்சி சரியில்லன்னீக. இப்ப இந்தத் தேனிப் பிள்ள. ஒம்பது வாரமா வருது!"

"வரட்டுமே. வாங்குற வண்டிய நாலு தடவ பாக்க வேணாமா?"

"பொண்ணு பாக்கக்கூட இத்தன தடவ வர மாட்டாகண்ணே."

அது என்னமோ நெசந்தான்.

இருவது வருசம் இதே ஜீப்புலதான் மொக்கம்மாளோட சேத்துப் பன்னெண்டு பொம்பளைகள மலைமேல ஏலத்தோட்டத்துக்கு ஏத்திக்கிட்டுப் போனாரு. கெளம்புறப்ப ஆரம்பிக்கிற பேச்சு தோட்டம் போயிச் சேர்ற வரைக்கும் ஓயாது. வளைவுல லாரிக்காரன் அடிக்கிற ஹாரன்கூடக் கேக்காது. "செத்த நேரம் வாய மூடுங்காத்தா"ன்னு அவரு கத்தாத நாள் கெடையாது.

அப்புறம் தோட்டத்துக்காரவுகளே வேன் விட்டாக. சம்சாரம் தவறிப் போச்சு. மக திருப்பூர்ல. வாய மூடுன்னு சொல்ல வீட்டுல ஆளில்லாமப் போச்சு.

ஒருநாள், சும்மா நிக்கிற வண்டிதானன்னு 'விற்பனைக்கு'ன்னு எழுதி மாட்டுனாரு. மறுநாளே ரெண்டு பேரு வந்து அரை மணி நேரம் பேசிட்டுப் போனாக. போர்டோட மகிமை அன்னைக்குத்தான் அவருக்கு வெளங்குச்சு.

அப்படி வந்தவன்தான் ஜோஷ்வா. தேனியில, மேடு பள்ளம், சேறு சகதியில வண்டி ஓட்டப் பழக்கிவிடுற கம்பெனியில வேலை. ட்ரெயினிங்குக்கு நம்பி ஓட்டுற மாதிரி, நாலு சக்கரமும் இழுக்குற போர் வீல் ஜீப் நாலு வேணும், பாத்து எடுக்குறது அவன் பொறுப்பு.

ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு நேரா வந்துருவான். மொத வாரம் டயரு. ரெண்டாவது வாரம் அடியில இருக்குற ஸ்பிரிங் பட்டை. மூணாவது வாரம் போர் வீல் லிவரப் போட்டு ஓடை மணல்ல எறக்கி ஏத்திப் பாத்தான். இப்படியே போயி, போன வாரம் ஹாரன மட்டும் அடிச்சுப் பாத்தான். அவரு ஆக்குன கோழிக் கொழம்ப ரெண்டு தடவ வாங்கிச் சாப்புட்டான். பொழுது சாய எந்திரிச்சான்.

"ஹாரன் நல்லாருக்குய்யா. மத்தத அடுத்த வாரம் பாக்குறேன்."

கருத்தக்கண்ணன் வளக்குற நாயி தபால்காரரயே உள்ள விடாது. அது ஜோஷ்வாவப் பாத்துக் குரைக்கிறத விட்டு ஒரு மாசமாச்சு.

மொக்கம்மாள் போற போக்குல சொன்னா:

"உங்களுக்குப் பேச்சுத்தொணை ஆச்சு, சரி. அந்தப் பிள்ள வாராவாரம் வெறுங்கையோட போயி நின்னா மொதலாளி சும்மா விடுவானா? ஒரு ஜீப் வாங்கத் துப்பில்லன்னு வேலைய விட்டுத் தூக்கிருவான்ணே."

இத அவரு நெனச்சே பாக்கல. அன்னைக்கு வச்ச சோறு அப்படியே இருந்துச்சு.

செவ்வாக்கிழமை காலையில போர்டக் கழட்டுனாரு. ஆர்.சி. புக்கச் சட்டப் பையில வச்சாரு. திரும்பி வர்றது பஸ்ஸுலதான்னு நெனச்சப்ப, கியர் போடப் போன கை அப்படியே நின்னுச்சு. அப்புறம் போட்டாரு. உத்தமபாளையம், சின்னமனூர்னு எங்கயும் நிறுத்தல.

தேனிக்குப் போயி ஜோஷ்வாவோட கம்பெனிக்குள்ள நொழஞ்சா, எல் போர்டோட மூணு ஜீப்பு வரிசையா நிக்குது. நாலாவது, பள்ளத்துல எறங்கி ஏற முடியாம மொனகிக்கிட்டிருக்கு.

ஆபீஸ்ல அனுசுயான்னு ஒரு பொண்ணு இருந்துச்சு.

"என்ன வேணுங்கய்யா?"

"ஜீப்பக் கொண்டாந்துருக்கேன் தாயி. ஜோஷ்வா தம்பி பாத்துக்கிட்டிருந்த வண்டி. இத்தன நாள் இழுத்தடிச்சது என் தப்பு. தம்பிய ஒண்ணும் சொல்லிறாதீக."

அது முழிச்சுச்சு.

"ஜீப்பா? நாலும் வாங்கி ஒண்ணரை மாசமாச்சேய்யா! ஜோஷ்வா சார்தான் எடுத்தாரு. நாலையும் ஒரே நாள்ல பாத்து முடிச்சுட்டாரு. வண்டி பாக்குறதுல அவரு ரொம்ப வேகம்."

கருத்தக்கண்ணன் பக்கத்துல கெடந்த ஸ்டூல்ல உக்காந்துட்டாரு.

"சாரக் கூப்புடவாய்யா? அந்தா, பள்ளத்துலதான் ட்ரெயினிங் குடுத்துக்கிட்டிருக்காரு."

"வேணாம், வேணாம்."

"உங்களுக்கு எந்த ஊருங்கய்யா?"

"கோம்பை."

"கோம்பையா! அங்கன சாரோட மாமா வீடு இருக்கே. பாவம், அவருக்கு அப்பா அம்மா கெடையாது. ரூம்ல ஒத்தையாக் கெடப்பாரு. ஞாயித்துக்கிழமை ஆனாப் போதும், 'மாமா எனக்காகக் கோழி அடிச்சு வச்சுருப்பாரு'ன்னு பஸ் ஏறிருவாரு. உங்களுக்கு அவுகளத் தெரியுமாய்யா?"

வெளிய பள்ளத்துல கெடந்த ஜீப்பு ஒருவழியா மேல ஏறிருச்சு.

"லேசாப் பழக்கம் தாயி"ன்னாரு. "நான் வந்தத மட்டும் தம்பிகிட்டச் சொல்லிறாத."

சனிக்கிழமை சாயங்காலம் போர்ட மறுபடியும் மாட்டுனாரு. அப்புறம் ஸ்பானர எடுத்துக்கிட்டு ஜீப்புக்கு அடியில படுத்து, நல்லா இருந்த சைலன்சர் போல்ட்ட ரெண்டு திருகு லூசாக்கிவிட்டாரு.

நாளைக்கு வர்ற பிள்ளைக்குப் பாக்க ஏதாச்சும் இருக்கணும்ல.